தேய்ந்த சொற்களும் தேயாத பிரார்த்தனையும்
(ஆங்கில முகமன் சொற்களின் கதை)

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. "முஸ்லிம்களே, எச்சரிக்கை!" என்று தலைப்பு. 'ஹலோ' என்ற சொல்லுக்குள் நரகத்தைக் குறிக்கும் 'ஹெல்' ஒளிந்திருக்கிறதாம். 'பை' என்றால் 'பாப்பரசரின் பாதுகாப்பில்' என்று பொருளாம். ஆகவே இவ்விரு சொற்களையும் நாம் வாயால் சொல்லவே கூடாதாம். "பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று முடிந்திருந்தது.

அடுத்த நாள் காலை மாமி வீட்டுக்குப் புறப்பட்டபோது, என் சின்னத் தம்பி வழக்கம்போல கேற்றடியில் நின்று "பை பை, மாமி!" என்று கையசைத்தான். உம்மா உள்ளேயிருந்து, "அப்படிச் சொல்லப்படாது மகன்!" என்று சத்தம் போட்டார். என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் தம்பி தூக்கிய கையை மெல்ல இறக்கிக்கொண்டான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அன்று பின்னேரம் உம்மா என்னிடம், "நீதானே இங்கிலீஷும் ஒரு பாடமாப் படிக்கிற. இது உண்மையாண்டு பாத்துச் சொல்லு மகள்" என்றார்.

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்து அறிய வேண்டும் என்பது சூரா அல்-ஹுஜுராத் நமக்குக் கற்றுத் தரும் ஒழுக்கம். ஆகவே பாடசாலை தொடங்கியதும் நூலகத்திலிருந்த ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியைத் தேடி எடுத்தேன். இரண்டு சொற்களுக்காகத் தொடங்கிய தேடல் பல இடைவேளைகளைப் பிடித்துக்கொண்டது. அதிலே நான் அறிந்தவற்றையே இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

சொல் அப்படியே இருக்க, பொருள் நகரும்

சொற்கள் காலப்போக்கில் பொருள் மாறுவது எல்லா மொழிகளுக்கும் பொதுவானது. தமிழில் 'நாற்றம்' என்ற சொல் முன்னாளில் நறுமணத்தையும் குறித்தது. இன்று அது கெட்ட வாடையை மட்டுமே குறிக்கிறது. இதை இழிபொருட்பேறு என்பர். எள்ளிலிருந்து எடுத்த நெய்யே முதலில் 'எண்ணெய்' எனப்பட்டது. இன்று தேங்காயிலிருந்து வருவதும் எண்ணெய்தான், மண்ணுக்கடியிலிருந்து வருவதும் எண்ணெய்தான். இது பொதுப்பொருட்பேறு.

ஆனால் முகமன் சொற்களுக்கு நேர்வது சற்று வேறானது. நாம் அவற்றை ஒரு நாளைக்குப் பலமுறை, யோசிக்காமல், அவசரத்தில் சொல்கிறோம். கை மாறிக் கை மாறிப் புழங்கும் நாணயத்தில் எழுத்து அழிந்துபோவதைப் போல, அவற்றின் ஒலியும் தேய்கிறது, பொருளும் தேய்கிறது. நாணயம் மட்டும் தொடர்ந்து செல்லுபடியாகிறது. ஆங்கிலத்தில் இதற்கு மிகச் சிறந்த உதாரணம், உம்மா தடை செய்த அந்தச் சொல்தான்.

'குட்பை' சொல்ல மறந்தது

'பை' என்பது 'குட்பை' என்பதன் வால். அதில் பாப்பரசர் எங்கும் இல்லை. அதன் முழு வடிவம் 'கோட் பி வித் யீ' என்பதாகும். 'இறைவன் உங்களுடன் இருப்பானாக' என்பது அதன் பொருள். 'யீ' என்பது பலரையும் மதிப்புக்குரிய ஒருவரையும் அழைக்கும் பழைய முன்னிலைச் சொல், நம்முடைய 'நீங்கள்' போல.

அக்காலத்தில் பயணம் என்பது இன்றுபோல் எளிதன்று. வழியிலே நோயும் திருட்டும் இருந்தன. போனவர் போய்ச் சேர்ந்தாரா என்று அறிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பிரிகிறவர்களை இறைவனிடம் ஒப்படைத்து அனுப்பினார்கள். ஆனால் தினந்தோறும் சொல்லும்போது நான்கு சொற்கள் நாவுக்குப் பாரமாகிவிட்டன. 1573ஆம் ஆண்டளவில் கேப்ரியல் ஹார்வி என்ற ஆங்கில அறிஞர் எழுதிய கடிதத்திலேயே அது 'கோட்ப்வை' என்று ஒரே சொல்லாக ஒட்டிக் காணப்படுகிறது. 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதியில் இதே வாழ்த்து 'கோட் பை யூ' என்று வருகிறது. அங்கே 'பை' என்பதற்குப் போட்டிருக்கும் எழுத்துகள், கடையில் பொருள் 'வாங்குதல்' என்ற சொல்லின் எழுத்துகள்! அச்சுக் கோத்தவர்கள் பொருளை விட்டு ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிறகு இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. 'குட் டே', 'குட் நைட்' என்று ஏற்கெனவே வழங்கிய வாழ்த்துகளின் சாயல் படிந்து, 'கோட்' இருந்த இடத்தில் 'குட்' வந்து அமர்ந்தது. இறைவன் என்ற சொல் போய் 'நல்ல' என்ற சொல் வந்துவிட்டது. கடைசியில் அதுவும் உதிர்ந்து வெறும் 'பை' மிஞ்சியது. மிஞ்சிய அந்த ஓரெழுத்துச் சொல்லுக்குள் 'இருப்பானாக', 'உங்களுடன்' என்ற இரண்டும் நசுங்கிக் கிடக்கின்றன. யார் இருக்க வேண்டும் என்பது மட்டும் இல்லை.

இதில் எனக்கு வியப்பூட்டியது ஒன்றுண்டு. பயணம் புறப்படுகிறவரிடம் நாம் 'பீ அமானில்லாஹ்' என்கிறோம். 'அல்லாஹ்வின் பாதுகாப்பில்' என்பது அதன் பொருள். பிரான்ஸ் நாட்டவரின் 'அதியூ', ஸ்பானியரின் 'அதியோஸ்' ஆகியவற்றின் பொருளும் 'இறைவனிடம்' என்பதே. மனிதர்கள் பிரியும்போது தம்மால் உடன் செல்ல முடியாத தூரத்துக்கு இறைவனைத் துணையாக வேண்டியிருக்கிறார்கள். மொழிகள் வேறு, வேண்டுதல் ஒன்று.

'ஹலோ' காதலியின் பெயரா?

'ஹலோ'வைப் பற்றி இன்னொரு கதையும் உலாவுகிறது. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் காதலி பெயர் 'மார்கரெட் ஹலோ' என்றும், அவர் முதலில் அழைத்தது அவளைத்தான் என்றும் அது சொல்லும். இதுவும் பொய். பெல் 1877இல் மணம் முடித்தது மேபல் ஹபர்ட் என்பவரை. அவர் ஐந்து வயதிலேயே நோயினால் கேட்கும் திறனை இழந்தவர். தொலைபேசியில் பேசும் குரலைக் கேட்கவே முடியாத ஒருவரைப் பற்றிய கதை இப்படித் திரிந்திருக்கிறது!

'ஹலோ'வுக்கும் நரகத்துக்கும் சொற்பிறப்பில் எந்த உறவும் இல்லை. வேட்டைக்காரர் நாய்களை ஏவவும், தூரத்தில் நிற்பவரைக் கூப்பிடவும் போட்ட 'ஹொலா', 'ஹலூ', 'ஹலோ' போன்ற கூவல்களிலிருந்து அது வந்தது. நம் ஊரில் 'ஹோய்' என்று கூப்பிடுவதில்லையா, அது போல. இன்றைய எழுத்துக்கூட்டலில் அச்சொல் 1820களில்தான் அச்சில் தலைகாட்டுகிறது. அப்போதும் அது முகமன் அல்ல. கவனத்தை இழுக்கவும், "அடே, இதென்ன!" என்று வியக்கவுமே அது பயன்பட்டது.

அதை முகமனாக்கியது தொலைபேசி. எதிரில் ஆள் தெரியாத ஓர் உரையாடலை எப்படித் தொடங்குவது என்பது அக்காலத்தவருக்குப் பெரிய சிக்கல். கப்பலோட்டிகள் கூவும் 'அஹோய்' என்ற சொல்லையே பெல் விரும்பினார். தோமஸ் எடிசனோ 1877 ஓகஸ்ட் 15இல் பிட்ஸ்பர்க் நகரின் ஒரு தந்தி நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், 'ஹலோ' என்றால் 10 முதல் 20 அடி தூரத்துக்குக் கேட்கும், ஆகவே அழைப்பு மணியே தேவைப்படாது என்ற கருத்தைச் சொன்னார். 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதலாவது வர்த்தகத் தொலைபேசி இணைப்பகம் தொடங்கியது. இணைப்பகங்கள் பெருகப் பெருக 'ஹலோ'வும் பரவியது. இணைப்புக் கொடுக்கும் வேலை செய்த பெண்களுக்கு 'ஹலோ கேர்ள்ஸ்' என்றே பெயர் வந்தது. முதலாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்துக்காகக் கடல் கடந்து சென்று இப்பணியைச் செய்த 200க்கும் மேற்பட்ட பெண்களையும் வரலாறு அப்பெயராலேயே நினைவுகூர்கிறது.

ஆக, நாயை ஏவிய கூவல் மரியாதைச் சொல்லாக உயர்ந்தது. இது உயர்பொருட்பேறு. ஆனால் கதை அங்கே முடியவில்லை. வரிசையில் ஒருவர் முந்திக்கொண்டு போனால் நாம் "ஹலோ! நாங்கள் நிற்பது தெரியவில்லையா?" என்று கேட்கிறோம். அப்போது அது முகமனா? இல்லை. பழைய கூவல் மறுபடி எட்டிப் பார்க்கிறது.

காலைக்கும் இரவுக்கும்

'குட் மோர்னிங்' என்பதும் அரைகுறையாக நின்றுபோன ஒரு வாக்கியம். 'இறைவன் உமக்கு நல்ல காலையைத் தருவானாக' என்று முழுமையாகச் சொல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. முதலில் இறைவன் என்ற எழுவாய் போயிற்று. பிறகு 'தருவானாக' என்ற பயனிலை போயிற்று. 'நல்ல காலை' மட்டும் எஞ்சியது. இப்போது பலர் 'நல்ல' என்பதையும் விட்டுவிட்டு 'மோர்னிங்' என்று மட்டும் சொல்லிக் கடக்கிறார்கள். அதாவது, "காலை" என்று ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்கிறார்கள்!

'குட் டே' என்பதன் கதை இன்னும் விசித்திரமானது. அவுஸ்திரேலியாவில் 'கிடாய்' என்பது போலச் சுருங்கி அன்பான முகமனாக இன்றும் வாழ்கிறது. பிரித்தானிய ஆங்கிலத்தில் அது பழமைப்பட்டுவிட்டது. கோபமாக இருக்கும்போது "குட் டே!" என்று அழுத்திச் சொன்னால், "பேச்சு முடிந்தது, நீர் போகலாம்" என்பதே கருத்து. வாழ்த்து, கதவைச் சாத்தும் சொல்லாகிவிட்டது.

'குட் நைட்' இன்று பொதுவாகப் பிரியும்போது மட்டும் சொல்லப்படுவது. இரவு எட்டு மணிக்கு ஒருவரைச் சந்தித்தாலும் 'குட் ஈவினிங்' என்றே சொல்ல வேண்டும். நேரத்தைப் பார்த்துச் சொல்வதாகத் தோன்றும் இவ்வாழ்த்துகள் உண்மையில் நாம் வருகிறோமா, போகிறோமா என்பதைப் பார்த்தே சொல்லப்படுகின்றன. ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் தங்கைமார் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

விடை வேண்டாத வினா

'ஹவ் டு யூ டூ' என்பது இலக்கணப்படி ஒரு வினா. 'டூ' என்பதற்கு இங்கே 'செய்தல்' என்பது பொருளல்ல, 'வாழ்தல், இருத்தல்' என்பது பொருள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று உண்மையாகவே நலம் கேட்ட வினா, முதன்முதல் அறிமுகமாகும்போது சொல்லும் சடங்காக மாறியது. அதற்கான சரியான பதில், அதே வினாவைத் திருப்பிச் சொல்வதுதான். இருவரும் கேட்கிறார்கள், இருவரும் பதில் சொல்வதில்லை!

அந்த வினா தேய்ந்ததும் 'ஹவ் ஆர் யூ' அதன் இடத்துக்கு வந்தது. இப்போது அதுவும் தேய்கிறது. அதற்கு நாம் சொல்லும் 'ஃபைன்' என்ற பதிலோ அதைவிட அதிகமாகத் தேய்ந்தது. இலத்தீனில் 'முடிவு' என்று பொருள்படும் 'ஃபீனிஸ்' என்ற சொல்லே அதன் வேர். முடிவு வரை சென்றது, குறையின்றி நிறைவானது, மிக உயர்ந்த தரமானது என்பதே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது தாங்கிய பொருள். இன்று அது 'பரவாயில்லை' என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

இது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை நான் பத்தாம் தரத்தில் படிக்கும்போது உணர்ந்தேன். ஓர் இரவு வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து வைத்தியசாலையில் அனுமதித்தார்கள். காலையில் உம்மா என்னைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு அங்கே போனார். முதலாம் பாடவேளை ஆங்கிலம். டீச்சர் வந்து "ஹவ் ஆர் யூ, கேர்ள்ஸ்?" என்றார். மூன்றாம் தரத்திலிருந்து மனப்பாடமான அதே ராகத்தில், "ஃபைன், தேங்க் யூ, டீச்சர்" என்று முழு வகுப்பும் சொன்னது. நானும் சொன்னேன். ஒரு சொல் தடுமாறவில்லை.

பாடம் முடிந்து டீச்சர் வெளியே போகும்போது என் மேசையருகே நின்றார். "மகள், வாய் ஃபைன் எண்டு சொன்ன. முகம் அப்படிச் சொல்லல்லயே. வீட்டுல எல்லாரும் சுகமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், வாப்பா சுகமாகி வந்துவிட்டார். ஆனால் அந்த இரண்டு வினாக்களையும் நான் மறக்கவில்லை. இரண்டும் ஒரே பொருளுள்ளவை. முதலாவதற்கு நான் பொய் சொன்னேன். இரண்டாவதற்கு என்னால் முடியவில்லை.

அப்படியானால் முதல் வினா வீணானதா? அப்படியும் சொல்ல முடியாது. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இல் வெளியான ஒரு கட்டுரையில் இத்தகைய பேச்சைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். நலம் விசாரிப்பதும் காலநிலை பற்றிச் சொல்வதும் செய்தியைப் பரிமாறுவதற்காக அல்ல, மனிதர்களுக்கிடையே உறவின் கட்டை உண்டாக்குவதற்காகவே என்பது அவர் கண்ட முடிவு. இதை நாம் 'உறவாடற் பேச்சு' எனலாம். பொருள் தேய்ந்த பின்னும் முகமன் சொற்கள் சாகாமல் இருப்பதன் காரணம் இதுதான். "உன்னைக் கண்டேன், உன்மீது எனக்குப் பகையில்லை" என்பதை அவை இன்னும் சொல்கின்றன. ஒருநாள் ஒருவர் நம்மைக் கண்டும் சலாம் சொல்லாமல் போனால்தான் அதன் பெறுமதி நமக்குத் தெரிகிறது.

நம் கைத்தொலைபேசியில் நடப்பது

இவ்வளவையும் படித்தபின் ஆங்கிலேயரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றியது. ஆனால் என் கையடக்கத் தொலைபேசியைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. தோழியருக்கு நான் அனுப்பிய செய்திகளில் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்பது மூன்று ஆங்கில எழுத்துகளாகச் சுருங்கியிருந்தது. பதில் சலாம் இரண்டு எழுத்து.

சுருக்குவது புதிதல்ல. உரோமர்கள் கடிதம் எழுதும்போது, 'நீர் நலமெனில் நல்லது, நான் நலம்' என்ற வாக்கியத்தை முதலெழுத்துகளால் மட்டும் எழுதினார்கள். சிசரோவின் கடிதத் தொகுதியிலும் இதைக் காணலாம். நம் பெரியவர்கள் கடிதத்தில் எழுதிய 'நலம், நலமறிய ஆவல்' என்பதும் ஏறக்குறைய அதே வாக்கியந்தான். ஆனால் நமது முகமன் நலம் விசாரிப்பு மட்டுமல்ல. அது ஒரு துஆ. 'ஸலாம்' என்ற சொல்லின் மூலம் சாந்தியை மட்டுமன்றிக் குறையற்ற நிலையையும் பாதுகாப்பையும் சுட்டுவது. பழைய ஆங்கிலத்தில் 'வெஸ் ஹால்' என்று ஒரு முகமன் இருந்தது. 'குறையின்றி, சுகமாக இரும்' என்பது பொருள். ஆரோக்கியத்தைக் குறிக்கும் 'ஹெல்த்', முழுமையைக் குறிக்கும் 'ஹோல்' என்ற இன்றைய ஆங்கிலச் சொற்கள் அந்த 'ஹால்' என்பதன் உறவினர். அந்த வாழ்த்து மது விருந்தின் வாழ்த்தாகி, பின்பு ஒரு பானத்தின் பெயராகி, முகமன் என்ற தகுதியையே இழந்துவிட்டது.

நம் சலாமிலும் ஒலித்தேய்வு இருக்கிறது. அவசரத்தில் 'ஸாமலைக்கும்' என்று விழுங்கிச் சொல்கிறோம். நடுவிலுள்ள 'லா' போய்விட்டால் 'அஸ்ஸாமு' ஆகிவிடும் என்பதையும், அரபியில் அதன் பொருள் மரணம் என்பதையும் ஹதீஸ் பாடத்தில் படித்திருக்கிறோம். ஓரெழுத்துத் தேய்ந்தால் பிரார்த்தனை எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஆங்கிலம் வரை போக வேண்டியதில்லை.

நம்மிடம் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. ஒருவர் வாழ்த்தினால் அதைவிடச் சிறந்ததாகவோ குறைந்தது அதற்குச் சமமாகவோ மறுவாழ்த்துச் சொல்லுமாறு சூரா அந்நிஸா வழிகாட்டுகிறது. எல்லா மொழிகளிலும் முகமன் போகப்போகக் குறைகிறது. நமக்கோ கூட்டிச் சொல்லும்படி பணிக்கப்பட்டிருக்கிறது. மூன்று எழுத்துக்கு இரண்டு எழுத்தால் பதில் போடும் நாம் அந்தப் பணிப்பை எங்கே விட்டோம்?

உம்மாவுக்குச் சொன்ன பதில்

எல்லாவற்றையும் உம்மாவுக்கு விளக்கினேன். 'குட்பை'யின் கதையைக் கேட்டதும், "அப்படீண்டா அதுவும் ஒரு துஆதானே!" என்றார். ஒரு வகையில் ஆம், ஒரு வகையில் இல்லை என்றேன். வேரிலே இறைவன் பெயர் இருக்கிறது என்பதற்காக 'பை' சொல்கிறவர் எல்லாரும் பிரார்த்திப்பவர் ஆகமாட்டார். அதேபோல எழுத்தில் 'ஹெல்' தெரிகிறது என்பதற்காக 'ஹலோ' சொல்கிறவர் யாரையும் நரகத்துக்கு அழைப்பவரும் ஆகமாட்டார். சொல்லின் வேர் அதன் பழைய வீட்டைக் காட்டும். இன்று அது என்ன சொல்கிறது என்பதை வழக்காறும், சொல்பவரின் நிய்யத்துமே தீர்மானிக்கின்றன.

குழுவிலே அந்தச் செய்திக்குக் கீழே நான் அறிந்ததைச் சுருக்கமாக எழுதிப் போட்டேன். மாமி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு "ஜஸாக்கில்லாஹு கைரா" என்று முழுமையாக, ஓரெழுத்தும் குறையாமல் எழுதியிருந்தார். நானும் இப்போது சலாமை முழுமையாகவே எழுதுகிறேன். சில விநாடிகள்தான் கூடுதலாகச் செல்கின்றன.

அடுத்த கிழமை மாமி மறுபடி வந்து போனபோது தம்பி கேற்றடியில் நின்றான். ஒருமுறை உம்மாவைத் திரும்பிப் பார்த்தான். உம்மா தலையசைத்தார். "பீ அமானில்லாஹ், மாமி! பை பை!" என்று சத்தமாகச் சொல்லிக் கையை நன்றாக உயர்த்தி அசைத்தான். ஒரே பிரார்த்தனையை இரண்டு மொழியில் சொல்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. வளர்ந்ததும் இந்தச் சஞ்சிகையை அவனுக்குக் காட்ட வேண்டும்.